நேற்றைய தண்ணீர்

கருவடிக்குப்பத்தில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர். இரண்டு வீட்டுக்கும் மொட்டைமாடியில் ஒரே டேங்க். சாயங்காலம் நிரப்பினால் மறுநாள் சாயங்காலம் வரை வர வேண்டிய தண்ணீர், மத்தியானமே தீர்ந்துபோக ஆரம்பித்தது.

"இந்த மாசம் பாப்பேன் சார். அப்புறம் வேற வூடு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார் ஓனர். மகளின் பள்ளி நடக்கிற தூரம்; எங்களுக்குக் காலி செய்ய மனமில்லை. "வீட்ல சொல்றேன் சார்" என்றேன். அதாவது, பழியை மனைவி தலையில் கட்டினேன். துவைப்பதும் கழுவுவதும் அவள்தானே என்பது என் விஞ்ஞானம்.

அதை நிரூபிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார்ந்தேன். பாத்திரத்துக்கு இரண்டு பக்கெட். துணி அலச நான்கு. அந்தத் தண்ணீரே கக்கூஸுக்கும் போனது. மகள் குளிக்க ஒன்று. மனைவி குளிக்க அரை.

"அரைதானா?"

"ஓனர் சொன்னதுலேருந்து அரைதான். தலைக்கு ஊத்தறதையும் கொறச்சிட்டேன்" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

நோட்டில் அரை என்று எழுதினேன். "அப்ப மீதி எங்க போவுது?" என்றேன்.

"காத்தால எழுந்ததும் நீங்க கொட்டறத எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அதைச் செலவென்றே நான் நினைத்ததில்லை. தினமும் காலையில் இரண்டு குடம், ஒரு தவலை, குளியலறை டிரம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பேன். "நேத்துப் புடிச்சது பழசாச்சே" என்றேன்.

"டேங்க்ல கெடக்கறது மட்டும் இன்னாவாம்? அதுவும் நேத்து ஏத்துனதுதான்."

படித்தவன், உத்தியோகத்தில் இருப்பவன், பக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டிரம்மை அளந்தேன். அது மட்டும் எட்டு பக்கெட் பிடித்தது.

அன்று சாயங்காலம் டேங்கைப் பார்க்க ஓனர் மேலே வந்தார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். "வீணாக்குனது நான்தான் சார். இவங்க இல்ல" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா, உன் பழிய மனுசன் தன் தலைல போட்டுக்கறாரு. இவருக்காகத்தான் வுடறேன், இருந்துட்டுப் போங்க. இனிமேலாவது பாத்து செலவு பண்ணும்மா."

மனைவி என்னையே பார்த்தாள். அப்போதே நான் மறுத்திருக்க வேண்டும். ஒரு நொடி, பாழாய்ப்போன ஒரே நொடி, அந்தப் பாராட்டு எனக்குச் சுகமாக இருந்தது. அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.