பூச்சிக்கடிதான், ஆத்தா இல்லை

அது பூச்சிக்கடிதான். இன்றைக்குக் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். இரண்டாம் நாளே தழும்பில்லாமல் அமுங்கிப்போன அம்மையை யாராவது கண்டதுண்டா?

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த முதல் ஆடியில் ஒரு நாள் நடந்தது. மறுநாள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து ஆடிப்பூரத் தேருக்கு என்னைக் கூட்டிப்போவதாக இருந்தது. பெட்டியை முந்தின வாரமே கட்டிவைத்துவிட்டேன், அவ்வளவு ஏக்கம். கொல்லையில் விறகு எடுக்கும்போது பிடரியில் சுருக்கென்றது. தட்டிவிட்டேன், என்ன பூச்சி என்று பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கழுத்து, முதுகு, முகமெல்லாம் தடித்துச் சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. கண் இரண்டும் கீற்றாகிவிட்டன. உதடு இட்லி மாதிரி உப்பிக்கொண்டது.

மாமியார் லைட்டைப் போட்டுப் பார்த்தார். "பூச்சி கடிச்சிட்டு அத்தை" என்றேன். உப்பிய உதட்டிலிருந்து அது என்னவாக வெளியே வந்ததோ, அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா."

அம்மை என்று வாயால் சொல்லக்கூட மாட்டார்கள் அந்த வீட்டில். வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. என் வீட்டுக்காரர் துணிமணியோடு சித்தப்பா வீட்டுக்குப் போனார். டாக்டர் என்ற பேச்சே கூடாது. ஊசி போட்டால் ஆத்தாவுக்குக் கோபம் வருமாம்.

வேப்பிலை பரப்பிய வேட்டியில் கிடந்தேன். தாளிப்புச் சத்தம் நின்றுபோன வீடு அத்தனை அமைதியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காய்ச்சலில் கூரை உயர்ந்து உயர்ந்து போனது. மலைக்காற்று உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் தெருவில் தேர் வந்தது, அம்மா மாடத்தில் விளக்கு ஏற்றினாள். கண்ணைத் திறந்தால் வேப்பிலை. அரிப்பு எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ இருந்தது. "ஏட்டி, இன்னுமா வாசத் தெளிக்கல?" என்று எழுப்புகிற மாமியார், வேப்பங்குழையால் முதுகைத் தடவி, "மோரு குடிக்கியா தாயே? கோவப்படாத தாயே" என்று கெஞ்சினார். மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. செத்த நேரம் சாமியாக இருந்து பார்த்தேன்.

காலையில் அப்பாவின் செருப்புச் சத்தம் தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் நின்றது.

"உள்ள வராதீக அண்ணாச்சி" என்றார் மாமியார். "ஆத்தா வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்துன பொறவுதான் அனுப்ப முடியும்."

ஒன்றுவிட்டு ஒரு நாள் தலைக்கு ஊற்றி அந்த மூன்று தண்ணியும் முடிவதற்குள் தேர் நிலைக்குப் போய்விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடைக்குப் போனேன். மஞ்சப்பையும் துண்டுமாக அப்பா தெருவில் நின்றார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது குளவி கொட்டியதற்கு, சுண்ணாம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அழுவதற்கு முன்னாலேயே அழுதவர். இந்த முகத்தைப் பார்த்தால் என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார் என்று நம்பினேன்.

"அப்பா, பூச்சிப்பா" என்றேன். 'பா' மட்டும்தான் வெளியே வந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எம் பிள்ளைய எங்கிட்ட குடுத்துரு தாயே."

நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. முடியாமல், என்னைக் கூட்டிப் போங்கள் என்று அவரை நோக்கிக் கையை நீட்டினேன்.

ஆத்தா ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று நினைத்து அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.