அம்மாவின் விசாவும் அம்மப்பாவின் படமும்

மன்னார்க் கரையிலிருக்கும் எங்கள் அரிப்புக் கிராமத்தில் ஒரு குடும்பப் படத்தில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிரான்சிலிருந்து வரமுடியாமல் போன மாமாவின் தலையையும் தோளையும் மன்னார் ஸ்ரூடியோக்காரர் எங்கிருந்தோ எடுத்து, மாப்பிள்ளைக்குப் பின்னால் கிடைத்த இடைவெளியில் நிறுத்திவிடுவார். செத்துப்போன தாய்கூட மகளின் கலியாணப் படத்தில் புதுச் சேலையோடு நிற்பார். அதைப் பொய் என்று எவரும் சொன்னதில்லை. வரவேண்டிய ஆள் வந்துவிட்டார் என்று ஆறுதல்படுவார்கள். என் அம்மாவின் நோர்வேப் பயணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது இந்தப் பழக்கம்தான்.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். மீன் வெட்டுவதற்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா, எங்கள் கரையிலேயே நின்றிருக்கலாமே என்று கடற்தொழில் செய்யும் அப்பா கேலி பண்ணுவார். பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா தனியாகவே மகளை வளர்த்தெடுத்தார். எனக்கு அக்கா முறையான அந்த மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது.

கத்தோலிக்கரான எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் முழந்தாளிட்டுப் பெற்றவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவாள். அந்த நேரம் பெற்றவளைத் தாங்கிப் பிடிக்கச் சகோதரம் ஒன்று பக்கத்தில் நிற்கவேண்டும். பெரியம்மா போனில் அழுதது முற்றம்வரை கேட்டது.

"அவள் முழந்தாளில நிக்கேக்க நான் தனிய நிண்டு என்னடி செய்யிறது? நீ வந்து எனக்குப் பக்கத்தில நில். வேற ஒண்டும் வேண்டாம்."

அம்மா "வாறன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதற்கு விசா என்று ஒன்று வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது.

விசா வேலையைச் சித்தப்பா பொறுப்பெடுத்தார். அப்பாவின் தம்பியான அவர் மன்னார் ரவுனில் ஓட்டோ ஓடினார். கொழும்புக்கு அப்பால் போனதில்லை என்றாலும் வெளிநாட்டு விசயங்களில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அம்மாவும் நானும் போவதாக விண்ணப்பம் தயாரானது. கிராம சேவகரின் கடிதம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பெரியம்மாவின் அழைப்பு எல்லாம் சேர்ந்தன. அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அங்கேதான் முட்டியது. பழைய அல்பங்கள் எல்லாம் சண்டைக்கால இடம்பெயர்வுகளில் போய்விட்டன. பெரியம்மா ஊருக்கு வந்தது ஒரேயொரு தடவை, அதுவும் அம்மாவின் தகப்பனான என் அம்மப்பாவின் சாவுக்கு.

"அதுக்கென்ன, சேர்த்தாப் போச்சு" என்றார் சித்தப்பா.

ஸ்ரூடியோக்காரர் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தார். பின்னால் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி. முன்னால் சேலையோடு அம்மா, குளிர்த் தொப்பியோடு பெரியம்மா. பெரியம்மாவின் கை அம்மாவின் தோளில் பாசமாகக் கிடந்தது. அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று அயலில் எல்லோரும் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, சகோதரிகள் இரண்டு பேரும் ஒரே அச்சு என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பனியைப் பற்றி அளக்கத் தொடங்கிவிட்டேன். பெரியமடுவிலிருந்து வந்த ரீச்சர் தன் மகளின் ஸ்வெற்றரைக்கூட எனக்குக் கொண்டுவந்து தந்தார்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இங்கிலிசில் இருந்த கடிதத்தைக் கோயில் ஃபாதர் வாசித்துச் சொன்னார். உறவைக் காட்டுவதற்கு வைத்த படம் உண்மையானதல்ல. ஆகவே மற்றக் கடதாசிகளையும் நம்ப முடியவில்லை. பயணம் முடிந்து இருவரும் நாடு திரும்புவார்கள் என்பதும் ஐயம். இதுதான் சாரம். அம்மா வீட்டுக்கு வந்து, மீன் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, தீ மூட்டாமல் அப்படியே இருந்தார். தன்னைக் கள்ளி என்று விசா கொடுக்கும் கந்தோர் எழுதிவிட்டது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சித்தப்பா சில நாட்கள் எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கமே ஓட்டோவைத் திருப்பவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் பிரேதப் பெட்டியை மூடுமுன் குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பது வழக்கம். அந்தச் சாவுப் படத்தை விசாவுக்கு வைக்கலாம் என்று அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. கோட்டுச் சூட்டோடு, கையில் செபமாலையோடு அம்மப்பா படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, முகம் வீங்கி நின்றார்கள். அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தையாக நான், கமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த சித்தப்பாவுக்கு அந்தப் படத்தைக் கண்டதும் உயிர் வந்துவிட்டது. "அண்ணி, உங்களுக்கு விசரோ? பிணப் படத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் பயந்து ஓடிப்போவான்!"

"தம்பி, எங்கட அப்பா உயிரோட இருக்கேக்கயும் ஒருத்தரையும் ஏமாத்தேல்ல. அவர் போய்ச் சாட்சி சொல்லட்டும்" என்றார் அம்மா. அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. 

புது விண்ணப்பத்துக்காக, அந்த நீர்வீழ்ச்சிப் படத்தின் கதையை மறைக்காமல் ஃபாதர் இங்கிலிசில் விளக்கி எழுதினார். வராதவர்களையும் படத்தில் நிறுத்திப் பார்க்கும் சனம் நாங்கள், இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்று எழுதி, அம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். இன்னொரு யோசனையும் சொன்னார். "இந்தமுறை நீங்கள் மட்டும் கேளுங்கோ. பிள்ளையை விட்டிட்டுப் போனால்தான் திரும்பி வருவீங்களெண்டு நம்புவினம்."

எனக்கு அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. ஸ்வெற்றர் வாங்கியாயிற்று, பனியைப் பற்றிச் சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? அதைவிட, அந்தப் பேச்சே எனக்கு விளங்கவில்லை. அம்மா திரும்பி வராமல் வேறு எங்கே போவார்? இதை ஒரு கேள்வி என்று கேட்கிற பெரிய மனிதர்களை நினைத்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்பா சிரிக்கவில்லை. கிழிந்த வலையைப் பொத்துகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

விசா கிடைத்தது! பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பார்க்க முசலியிலிருந்துகூடச் சொந்தக்காரர் வந்தார்கள். சித்தப்பா என்னையும் அயல் பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றி, ஹோர்ன் அடித்தபடி கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். எல்லாம் தன் திட்டப்படியே நடந்தது என்று கண்டவர்களிடம் எல்லாம் சொன்னார். அவர் செய்வித்த நீர்வீழ்ச்சிப் படத்தை நினைவுபடுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை. அம்மா அம்மப்பாவின் படத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தி வைத்தார்.

கலியாணத்தன்று போனில் ஒரு படம் வந்தது. அக்கா வெள்ளை உடுப்போடு முழந்தாளில் நின்றாள். பின்னால் பெரியம்மா. பக்கத்தில், சேலைக்கு மேல் யாருடையதோ பெரிய குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பெரியம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்தபடி என் அம்மா! இம்முறை அந்தக் கை அம்மாவின் கைதான். ஒரு விரலில் இறால் முள்ளுக் குத்திய தழும்பை நான் பெரிதாக்கிப் பார்த்து உறுதிப்படுத்தினேன். சித்தப்பா மட்டும் சந்தேகத்தோடு, "இது ஒட்டினதில்லைத்தானே?" என்று கேட்டார். வீடே வெடித்துச் சிரித்தது. அப்பா போனை வாங்கிக்கொண்டு கரைக்குப் போனார். படம் பார்க்காத ஆள் அன்று கரையில் இல்லை.

விசா முடியுமுன்பே அம்மா திரும்பினார். கொழும்பு பஸ் மன்னாருக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே அப்பா முகம் வழித்து, பெருநாள் சேட்டுப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துப்போய் பஸ் ஸ்ராண்டில் நின்றார். தேத்தண்ணி வாங்கி, குடிக்காமல் ஊற்றினார். ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் எட்டிப் பார்த்தார். சொக்லேற்றுக்குக் காத்திருந்த எனக்கே அவ்வளவு அவசரம் இருக்கவில்லை.

அம்மா இறங்கியதும் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அப்பா சில்லுப் பூட்டிய அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பாராமல் முன்னால் நடந்தார். உருட்டிக்கொண்டு போகலாம் அப்பா என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் பெட்டியை இறக்கவில்லை.

அம்மா ஏன் சிரிக்கிறார், அப்பா ஏன் கோபமாகப் போகிறார் என்று நான் குழம்பிப்போனேன். அது கோபம் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.