காய்ந்த போருக்குள் விட்ட தண்ணீர்

பலமனேர் ரோட்டோரம் மேட்டுக்காட்டில் நாலு மாடு வைத்துப் பிழைக்கும் பத்மினி, பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவள். அவளுக்கு வாய் நீளம் என்பார்கள்; அதுவும் பொய்யில்லை. அப்படிப்பட்டவள் இந்த ஆடியில் பயத்தில் ஒடுங்கிப்போனாள்.

போன வருஷம் அவளுடைய தொள்ளாயிரம் அடி போர்க்கிணறு காய்ந்துவிட்டது. மழைத்தண்ணீரைக் காய்ந்த போரில் இறக்கினால் நீர்மட்டம் ஏறும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் சொன்னார்கள். மழை எங்கே வந்தது? விலைக்கு வாங்கி மாட்டுக்கொட்டகை கழுவிய டேங்கர் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், குழாய் போட்டுப் போருக்குள் விட்டாள். சாணம் மண்ணுக்குள் போனால் உரம்தானே என்று நினைப்பு. அதில் பெருமை வேறு!

சரிவில், கீழே காலனிக்கான குடிதண்ணீர்ப் போர் இருக்கிறது. அதில் நாற்றம் வந்தது. டேங்கை இரண்டு முறை கழுவியும் போகவில்லை. தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி அருள்குமார் மேட்டைப் பார்த்தார்.

"மண்ணு மேல ஊத்தினா மண்ணு வடிகட்டும். போர்ல ஊத்தினா நேரா பாறை வெடிப்புக்குப் போயி, வெடிப்பு வழியாவே கீழ எறங்கிடும். காச்சினா கிருமி சாவும், மாட்டு மூத்திரத்துல வர்ற நைட்ரேட்டு போவாது. கைக்குழந்தைக்கு அது ஆவாது, ஒதடெல்லாம் நீலம் பூத்துடும். மேட்டுல யாரனா போர்ல எதனா வுடறீங்களா?"

சுற்றிலும் காலனியே நின்றது.

"இல்ல சார்," என்றாள் பத்மினி.

"அப்ப ரிசல்ட் வர்ற வரைக்கும் காச்சிக் குடிங்க."

அன்றே குழாயைப் பிடுங்கிப் போட்டாள். உள்ளே போனதை என்ன செய்வது? தங்கை கௌசிகா காலனியில்தான் குடியிருந்தாள்; அன்று அருள்குமார் சொன்னதைக் கேட்க அவள் வரவில்லை. அவளுக்குத் தாய்ப்பால் இல்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பவுடர் பால். சொன்னால் ஊர் சும்மா விடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

கடைசியில் ஒருநாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போனாள். குழந்தையை மடியில் வாங்கினாள். நாவல்பழம் தின்ற வாய்போல உதடு நீலமாக இருந்தது.

"சளிதான்க்கா," என்ற கௌசிகா பாட்டிலைக் குலுக்கினாள். "நல்லா கொதிக்க வச்சிதான் குடுக்கறேன்."

"வோணாம், குடுக்காத! ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. என் போர்ல வுட்ட கொட்டாய்த் தண்ணி அதுல கலந்துகீது."

கௌசிகா பாட்டிலைக் குலுக்குவதை நிறுத்தினாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"எட்டு நாளா."

கௌசிகா பாட்டிலைக் கீழே வைத்தாள். அக்காவின் மடியிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிவந்த பத்மினியிடம், "நீ வராத," என்றாள்.