வயலின் இல்லாத பாட்டு

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்கு மின்சாரம் ஆகாது. ஒயரைச் செருகும் இடம் எப்போதோ கருகிப்போயிருந்தது. பேட்டரி போட்டால்தான் பாடும். அத்திப்பட்டில் எங்கள் வாசலில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அப்பாவுக்கு அங்கேதான் நிலக்கரி இறக்குகிற இடத்தில் ஒப்பந்த வேலை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர் வீட்டில், தீர்ந்த பேட்டரியைக் கூரைமேல் வெயிலில் காயவைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் சர்ச் பாஸ்டர் ஒரு கேசட்டோடு வந்தார். ஒரு காலத்தில் சினிமாவில் பேர் வாங்கிய மியூசிக் டைரக்டர் ஒருவர், கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் கேசட் போடுகிறாராம். படங்கள் குறைந்தபிறகு அவர் மேடைக் கச்சேரி, நாடகத்துக்கு இசை, பக்திப் பாட்டு என்று வந்ததையெல்லாம் ஆசையாகச் செய்துகொண்டிருந்தார். பாஸ்டரின் மச்சான் அவரிடம் கீபோர்டு வாசிக்கிறவர். கடைசிப் பாட்டுக்கு மட்டும் சினிமாவில் பாடிப் பழகிய குரல் வேண்டாம், சர்ச்சில் சேர்ந்து பாடுகிற பெண்கள் வேண்டும் என்று டைரக்டர் கேட்டதும், மச்சான் எங்கள் ஊரைச் சொல்லிவிட்டார்.

எங்கள் சர்ச்சில் முதல் வரியை எடுத்துக்கொடுப்பது அம்மாதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோவில் பாட அவளைக் கூப்பிட்டார்களாம், பெண்பிள்ளையை அங்கெல்லாம் அனுப்ப முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். இதை எனக்குச் சொன்னது அத்தை. அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. பாஸ்டர் கொடுத்த கேசட்டை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கேசட்டில் அந்தக் கடைசிப் பாட்டை டைரக்டரே ஆர்மோனியம் வைத்துப் பாடியிருந்தார். சாயங்காலம் அம்மா ரயிலை விட்டு இறங்கி வந்ததும் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். முதல் நாள் யாருக்கும் எட்டவில்லை.

"இன்னா இது, இம்மாம் மேல போவுது? கூர மேல ஏறி நின்னுகினுதான் பாடணும் போல," என்றாள் அத்தை.

ஆனால் நாளாக ஆக எட்டியது. அவசரமாக ஓடிய பாட்டு நிதானத்துக்கு வந்தது. இரண்டாவது வாரத்தில் மேல் வரிகளை அத்தையே அலட்டிக்கொள்ளாமல் பாடினாள். பாஸ்டர் வந்து கேட்டுவிட்டு, ஜெபத்துக்குப் பலன் கிடைத்ததாகச் சொன்னார். எனக்கு மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. கேசட்டில் பாடுகிறவரின் குரல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. புகைபோக்கி உயரத்துக்கு ஒரு ராட்சதன் உட்கார்ந்து பாடுவதாக நினைத்துக்கொண்டேன். அவரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது. ஆனாலும் போகாமல் இருக்க முடியுமா?

வடபழனியில் ஸ்டூடியோ. சத்தம் கேட்கும் என்று எல்லோருடைய வளையலையும் கழற்றி என் மடியில் போட்டார்கள். தலையில் வைத்த பூ நசுங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொள்ளப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாத்தியங்களையெல்லாம் முன்பே பதிவுசெய்து வைத்திருந்தார்கள். வயலின் மட்டும் ஒரு பெரிய கூட்டமே வாசித்ததாம். அதைக் கேட்டுக்கொண்டே இவர்கள் பாட வேண்டும்.

பாட்டு ஆரம்பித்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏறத் தெரியாதவர்கள் போல எல்லோரும் திணறினார்கள். வயலின் முன்னே போனது, இவர்கள் பின்னே கிடந்தார்கள். மேல் வரி வந்தபோது அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றும் சரிப்படவில்லை. பாஸ்டரின் முகம் கறுத்தது.

"ஒரு மாசமா இன்னாம்மா பண்ணினு இருந்தீங்க? முடியாதுன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல. வேற சபையில ஆள் பாத்திருப்பேன்."

அம்மா ஹெட்போனைக் கழற்றினாள். அவளைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கேசட்ல இருக்கிற மாதிரிதான் சார் பாடறோம்," என்றாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மனிதர் எழுந்து வந்தார். ஒல்லியாக, என் கணக்கு வாத்தியாரைவிடக் குள்ளமாக இருந்தார். "அந்தக் கேசட்ல பாடினது நான்தாம்மா," என்று சொல்லி முதல் வரியைப் பாடிக் காட்டினார். மெல்லிய குரல். பாட்டு விறுவிறுவென்று ஓடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவுரு இல்லம்மா. நம்ம ஊட்ல பாடறவுரு வேற," என்றேன்.

அத்தை என் தொடையில் கிள்ளினாள். அவரோ என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவரு எப்படிப் பாடுவாரு? நீ பாடிக் காட்டேன்."

தொண்டையை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, ராட்சதன் மாதிரியே இழுத்து இழுத்துப் பாடினேன். அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பேட்டரியில ஓட்டினீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார். வெயில்ல வெச்சி வெச்சி போட்டோம். அது எறங்கிக்கினே வந்தது எங்களுக்குத் தெரியல."

பேட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் பாட்டும் குரலும் சேர்ந்து இறங்கும். அங்கே இருந்த பெரியவர்களுக்கெல்லாம் அது அந்த நிமிஷத்தில் புரிந்துபோனது. என்னைத் தவிர.

அவர் எழுந்தார். பிறகு எல்லோரையும் ஹெட்போனைக் கழற்றச் சொன்னார். சர்ச்சில் எப்படி நிற்பீர்களோ அப்படியே நெருங்கி நின்று, வீட்டில் பாடியபடியே ஒரு தடவை பாடுங்கள் என்றார். அம்மா முதல் வரியை எடுத்தாள். தொடக்கத்தில் குரல் பிசிறியது. அத்தை வந்து சேர்ந்ததும் நிமிர்ந்துகொண்டது. நிலக்கரித் தூசியும் வீட்டு வேலையும் கம்பெனி வேலையுமாக நான் தினம் பார்க்கிற பெண்கள்தான். ஆனால் அன்றைக்கு அவர்களைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருந்தது. டைரக்டர் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு தடவை பாடச் சொல்லிப் பதிவுசெய்தார்.

பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "வயலின் வேணாம். தபேலாவும் வேணாம். எல்லாத்தையும் எடுத்துடுங்க," என்றார்.

"சார், அவ்வளவு எழுதி வாசிக்கவச்சோமே," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"வேணாம்னு சொன்னேன்ல."

அந்தக் குரலில் இருந்த கண்டிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, தப்பாகப் பாடியதற்குத் தண்டனையாக எங்கள் மியூசிக்கைப் பிடுங்கிக்கொண்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். திரும்பும் ரயிலில் அத்தையும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் கேசட் வந்தது. சர்ச்சில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் வயலினும் புல்லாங்குழலும் மேளமுமாகக் கல்யாண வீடு போல இருந்தது. கடைசியில் எங்கள் பாட்டு. ஒரு வாத்தியம்கூட இல்லை. அம்மாவின் குரல் தனியாக வந்தது, அப்புறம் மற்ற குரல்கள் வந்து அதைச் சுற்றி நின்றன.

"எல்லாப் பாட்டுக்கும் மேளதாளம் வெச்சிக்கீறாங்க. நமக்கு ஒரு ஜால்ராகூட இல்ல," என்று அத்தை என் காதருகில் முணுமுணுத்தாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு மனிதர் தான் பார்த்துப் பார்த்து எழுதிய அத்தனையையும் ஒதுக்கிவிட்டு இன்னொருவர் குரலுக்கு இடம் விடுவது எப்பேர்ப்பட்ட மரியாதை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆக வேண்டியிருந்தது.

நான் நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாதம்மா. அடுத்த தபா கரெக்டா பாடிட்டன்னா, உனக்கும் வயலின் போடுவாங்க," என்றேன்.

அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, சரி என்பதுபோலத் தலையாட்டினாள். அவளைத் தேற்றிவிட்ட திருப்தியில் நான் வெளியே விளையாட ஓடினேன்.