வாசலில் நின்றவரையும் சேர்த்து

அன்றைக்கு ஷெட்டுக்குள் இருந்தவர்கள். கிளென், வெள்ளைக்காரர், எழுபது தாண்டினவர், முந்தி வெல்டிங் வேலை, ஷெட்டுக்கும் நான் குடியிருக்கிற பின்வீட்டுக்கும் சொந்தக்காரர், முன்வீட்டில் இருக்கிறார். யோகன், என்னோடு ஒரே படகில் வந்தவன், விசா கிடைத்து இப்போது டிரக் ஓட்டுகிறான், ட்ருகனினாவில் வீடு. பிறகு நான். கிளெனின் கிழட்டு நாய் மேசைக்குக் கீழே படுத்திருந்தது, அதைச் சேர்க்கத் தேவையில்லை. வாசலில் நின்றவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆர் ஆர் இருந்தது என்று சொல்லிவிட்டு எதையும் தொடங்குவது இந்த நாட்டில் எனக்கு வந்த பழக்கம். ஊரில் ஒருவரும் கதையை இப்படித் தொடங்கமாட்டார்கள். இங்கே என்னை விசாரித்த எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கிற நோபல் பார்க்கில் இருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கடை. கண்ணாடிக்குள்ளே செம்புப் பானை, வளைந்த குழாய், ஈஸ்ற் பக்கற், கரி மூட்டை எல்லாம் வடிவாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் சாராயம் வடிக்கிற சாமான். ஊரில் கசிப்புக் காய்ச்சுகிறவன் பொலிஸ் வருகுது என்றால் பானையைக் கிணற்றுக்குள் இறக்குவான். இங்கே பானைக்கு ரசீதும் உத்தரவாதமும் தருகிறார்கள். கவுண்டரில் நிற்கிற பெடியன் எப்படிச் செய்வது என்றும் சொல்லித்தருகிறான். கிளெனோடு முதல் தரம் அங்கே போனபோது நான் நினைத்தது, இந்த நாட்டில் இது குற்றமில்லை. கடையில் வைத்து விற்கிற சாமான் எப்படிக் குற்றமாகும்? பிறகு யோகன்தான் சொன்னான். பானை வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம். லைசென்ஸ் இல்லாமல் அதில் சாராயம் வடித்தால் பிழை. எனக்கு அது விளங்கவில்லை. இன்னும் விளங்கவில்லை.

கிளென் விற்கிறதில்லை. பழைய வேலைக் கூட்டாளிகள் மூன்று நாலு பேருக்குக் கொடுப்பார், கிறிஸ்மஸுக்குப் பழம் ஊறப்போடுவார். அவருக்கு அது பொழுதுபோக்கு, மீன் பிடிக்கப் போவது மாதிரி. அவர் வடிப்பது சீனியும் ஈஸ்றும். முதலில் வருகிறதில் ஒரு நாற்றம் இருக்கும், நனைந்த கடதாசி மட்டை மாதிரி. அதை எடுக்கத்தான் கரி. ஆள் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் குழாய், கூரைத் தீராந்தியில் சங்கிலி போட்டுத் தொங்கும். அதற்குள்ளே அரிசிக் குறுணல் மாதிரிக் கரி. அடியில் கோப்பி வடிக்கிற தாள். சாராயத்தில் தண்ணீர் கலந்து மேலே ஊற்றினால் கீழே துளித்துளியாக விழும். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் கரி நாற்றத்தைப் பிடிக்காது. அவசரப்பட்டாலும் பிடிக்காது. துளி விழுகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது நல்லாய்ச் சரிவந்தது. சும்மா இருக்கத்தான் இந்த நாடு எனக்குப் பழக்கினது.

என்னுடைய வேலை கரி கழுவுவது. கொதிதண்ணீர் ஊற்றி, கிளறி, கறுப்புத் தண்ணீரை வார்த்து, திரும்ப ஊற்ற வேண்டும். தண்ணீர் தெளியுமட்டும். மற்ற வேலை மணந்து பார்ப்பது. வெல்டிங் புகையில் நாற்பது வருசம் நின்று கிளெனுக்கு மூக்குப் போய்விட்டது. நான் குடிக்கிறதில்லை, ஆனபடியால் என் மூக்கு சுத்தம் என்று அவருக்கு ஒரு எண்ணம். உள்ளங்கையில் ரெண்டு துளி விட்டுத் தேய்த்து மணப்பேன். “இன்னும் இருக்கா, லிங்?” என்று கேட்பார். தர்மலிங்கம் என்று சொல்ல அவருக்கு வராது. இருந்தால் இருக்கு என்பேன். திரும்ப ஊற்றுவார். ஒன்றும் மணக்காத அன்றைக்கு அவர் முகத்தில் வருகிற சந்தோசம் எனக்கு முதலில் பகிடியாக இருந்தது. எங்கள் பக்கம் சாராயம் மணக்காவிட்டால் தண்ணீர் கலந்து ஏமாற்றிப்போட்டான் என்று சண்டைக்குப் போவார்கள். இங்கே ஒரு மணமும் இல்லாமல், எங்கே இருந்து வந்தது என்று தெரியாமல் செய்வதுதான் கெட்டித்தனம்.

கரி மூட்டையில் ‘ஸ்ரீலங்கா’ என்று போட்டிருக்கும். தேங்காய்ச் சிரட்டைக்கரி. முதல் நாள் யோகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணை, இதுவும் உங்கடை ஊர்தான். கப்பலிலைதான் வந்திருக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, உடனை உள்ளை விட்டிட்டாங்கள்.”

“எரிச்சுப்போட்டு அனுப்பினதை ஆர் கேக்கிறது” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “பகிடியை விடுங்கோ. நீங்கள் இந்த ஷெட்டுப் பக்கம் வரப்படாது. அந்தாளுக்கு ஏதும் வந்தால் தண்டம் கட்டிப்போட்டுப் படுத்திடும். உங்களுக்கு அப்பிடியே?”

அவன் சொன்னது சரி. படகில் வந்தவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், சட்டத்துக்குப் பிழையாக ஒன்றும் செய்யமாட்டோம் என்று. என் விசா ஆறு மாதத்துக்கு ஒருக்கா நீட்டுகிற விசா. கேஸ் ஒருமுறை தோற்றுவிட்டது. நித்யா என்று ஒரு சென்னைப் பிள்ளை, சட்டத்தரணி, காசு வாங்காமல் திரும்ப எழுதிப்போட்டிருக்கிறாள். “அங்கிள், ரெட் லைட்ல கூட ரோட்டை கிராஸ் பண்ணாதீங்க” என்று சொல்லியிருக்கிறாள். மனுசியும் மகளும் வவுனியாவில். நான் வெளிக்கிட்டபோது மகள் நடக்கப் பழகினவள். இப்போது என்னிலும் உயரம் என்று மனுசி சொல்கிறாள். இதெல்லாம் தெரிந்துதான் ஷெட்டுக்குப் போனேன். சாமான் ஏற்றுகிற பலகைத் தட்டு அடிக்கிற இடத்தில் ஐந்து நாள் வேலை. மிச்ச நாளில் என்னை ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஷெட்டில் மட்டும்தான். அரைப்பெயர் என்றாலும்.

கேஸ் தோற்றதற்குக் காரணம் ஒரு எண். அதையும் சொல்ல வேண்டும்.

என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது பகலில். சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம். மூன்று பேர் வீட்டுக்குள் வந்தார்கள். குசினிக்குள் நின்ற தம்பியைக் கொண்டுபோனார்கள். வேலிப் படலையடியில் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உள்ளே வரவில்லை, ஒருவரையும் தொடவுமில்லை, ஒன்றும் கதைக்கவுமில்லை. சீற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். தம்பி பிறகு வரவில்லை.

படகால் இறக்கி வைத்துக் கேட்டபோது தலைசுற்று இன்னும் நிற்கவில்லை. டெலிபோனில் மொழிபெயர்ப்பாளர், “வீட்டுக்குள்ள எத்தனை பேர் வந்தாங்க?” என்றார். மூன்று என்றேன். பல வருசம் கழித்து ஒரு அறையில் வைத்து இன்னொருவர், “மொத்தம் எத்தனை பேர்?” என்றார். நாலு என்றேன். ரெண்டும் உண்மை. கடிதம் வந்தபோது நித்யாதான் வாசித்துச் சொன்னாள். எண்ணிக்கையை மாற்றிச் சொன்னபடியால் அந்தச் சம்பவம் நடந்தது என்று நம்ப முடியவில்லையாம். படலையடியில் நின்றவனாலே தம்பியே இல்லாமல் போனான்.

இனி அந்தப் புதன்கிழமை. எனக்கு லீவு. யோகன் என் காருக்குப் பழைய டயர் ஒன்று கொண்டுவந்தவன், தேத்தண்ணிக்கு நின்றான். குழாயில் இருந்து துளி விழுந்துகொண்டிருந்தது. கீழே பெரிய கண்ணாடிச் சாடி, திறந்தபடி. நான் உள்ளங்கையில் தேய்த்து மணந்துகொண்டிருக்கிறேன். வீட்டுப் பக்கத்து ஒழுங்கையால் ஒருவர் வந்து ஷெட் வாசலில் நின்றார். ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி, இடுப்பில் அட்டை, கையில் ஒரு கருவி. “என்ன நடக்குது இங்கே?” என்று இங்கிலிசில் கேட்டார். சுகமா என்று கேட்கிற மாதிரித்தான் இவர்கள் அதைக் கேட்பார்களாம். அது எனக்குத் தெரியாது.

நான் எழும்பி நின்றேன். கையை நேராக விட்டேன். வாய் தானாகத் திறந்தது. முதலில் படகால் இறங்கினபோது எனக்குப் போட்ட இலக்கத்தைச் சொன்னேன். பிறகு பெயர். பிறந்த திகதி. விசா. பிறகு என்னுடைய இங்கிலிசில், “இவர் கிளென். இவர் அல்கஹோல் செய்கிறவர். நான் கரி கழுவுகிறேன், மணந்து பார்க்கிறேன், குடிக்கிறதில்லை. இவர் யோகன், தேத்தண்ணிக்கு வந்தவர்” என்றேன். ஒன்றும் விடவில்லை.

வந்தவர் என்னைப் பார்த்தார். கிளெனைப் பார்த்தார். “மேட், நான் காஸ் கசிவு பார்க்க வந்தவன்” என்றார். தெருவில் எங்கேயோ காஸ் மணக்கிறது என்று ஆரோ சொன்னார்களாம். சொல்லிக்கொண்டு நிற்க, அவர் கையில் இருந்த கருவி கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. சாடியில் இருந்து போன ஆவி.

யோகன் மெல்லமாகச் சொன்னான். “அண்ணை, உங்களை மாதிரி மணந்து கத்திற ஒண்டை அவரும் வைச்சிருக்கிறார்.”

சாடியை மூடச் சொன்னார், பெரிய கதவைத் தூக்கச் சொன்னார். கருவி நின்றது. அவர் வாசற்படியைத் தாண்டவே இல்லை. கருவி கத்தினால் பதிய வேண்டுமாம், ஒரு டப்லெட்டை எடுத்தார். “எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

கிளென் உடனே, “ரெண்டு பேர்” என்றார். “நானும் இந்தப் பெடியனும். லிங் சும்மா பின்வீட்டுக்குப் போக வந்தவன். அவன் இங்கே இல்லை.”

எனக்கு விளங்கியது. விசா உறுதியில்லாதவனைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுகிறார். நல்ல எண்ணம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்கு முன்னாலே இன்னொரு எண் பிழையாகப் போகிறது. நாளைக்கு ஆரும் கேட்டால் நான் மூன்று என்பேன், இதில் ரெண்டு என்று இருக்கும்.

“நோ” என்றேன். “த்ரீ.” பிறகு யோசித்துவிட்டு, “உங்களையும் சேர்த்தால் நாலு” என்றேன்.

“என்னை எண்ணத் தேவையில்லை, மேட். நான் வாசலில்தானே நிற்கிறேன்.”

“எண்ண வேண்டும்” என்றேன்.

அவர் டப்லெட்டுக்குக் குனிந்தார். விரலால் என்னவோ தட்டினார். திரை அவர் பக்கம் இருந்தது. அவர் எந்த எண்ணைப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. காத்துப்பட வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காஸ் கசிந்தது தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டில். பின்னேரம் அங்கே கிண்டினார்கள்.

அவர் போன பிறகு கிளென் குழாயின் அடியை மூடினார். “உன்னை விட்டுச் சொன்னது உனக்காகத்தான்” என்றார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. இங்கிலிசில் இல்லை. “உன் பேப்பர் வருமட்டும் நீ இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முதுகில் தட்டித்தான் சொன்னார்.

காரடியில் யோகன் ஏசினான். “அந்த மனுசன் உங்களை வடிவா வடிச்சு வெளியிலை விட்டுது. நீங்கள் திரும்ப ஓடிப்போய்க் கலந்துபோட்டு வாறியள். என்ன மனுசன் அண்ணை நீங்கள்?”

“ரெண்டு எண்டது பிழை.”

“பிழை எண்டால் என்ன? பிழையான கணக்கு உங்களைக் காப்பாத்துமெண்டால் அது பிழையே?”

“போன தரம் காப்பாத்தேல்லை” என்றேன். அவன் டயரை இறக்கிப்போட்டு, “போட்டு வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு கடிதப்பெட்டியைப் பார்ப்பதே வேலை. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே இலக்கம். எனக்கு வருகிற கடிதத்தில் இலக்கத்துக்குப் பக்கத்தில் ‘பின்பக்கம்’ என்று எழுதியிருக்கும். கிளென் என்னுடையதைப் பிரித்து வாசலில் வைப்பார். ஷெட்டில் வெளிச்சம் தெரியும். துளி விழுகிற சத்தம் கேட்காத தூரம்தான், ஆனாலும் கேட்பது மாதிரி இருக்கும். மணம் இருக்கா இல்லையா என்று இப்போது ஆர் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒருநாள் வேலிக்குப் பக்கத்தில் பழைய கரியைக் கொட்டியிருந்தார். மழைக்குக் கறுப்பாக ஓடி என் வாசற்படி வரைக்கும் வந்தது. ஒரு பிடி எடுத்து மணந்தேன். இவ்வளவு நாளும் நாங்கள் எடுத்த நாற்றம் முழுக்க அதற்குள்ளே இருந்தது.

பொறுக்க முடியாமல் நித்யாவுக்கு டெலிபோன் எடுத்தேன். முழுக்கக் கேட்டாள். நடுவில் சிரிப்பை அடக்கினாள் போல, பிறகு சிரிக்கவில்லை.

“அங்கிள், இதுக்கெல்லாம் யாரும் உங்களைத் தேடி வரமாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். பயப்படாதீங்க. ஆனா ஒரு நோட் போட்டு வெச்சுக்கிறேன். பின்னாடி யாராவது கேட்டா, நாம சொல்றது ஒரே மாதிரி இருக்கணும்ல?”

“ஓம் பிள்ளை.”

“யார் யார் இருந்தாங்க, சொல்லுங்க.”

சொன்னேன். அவள் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அந்த காஸ்காரர் உள்ள வந்தாரா?”

“இல்லை. வாசலிலை நிண்டவர்.”

“அப்ப மூணு பேர்னு போட்டுடவா?”

நான் அப்போது என் வாசற்படியில் நின்றேன். முன்னாலே ஷெட். பின்னாலே என் அறை. பதின்மூன்று வருசமாக இந்த நாட்டின் வாசலில் நிற்கிற ஆள் நான். படலையடியில் சீற்றில் ஒரு கை வைத்தபடி அவன் நின்றது நினைவுக்கு வந்தது.

“அங்கிள்? லைன்ல இருக்கீங்களா? எத்தனை பேர்?”

“நாலு.”