வெரிபீயில் ஒரு வாத்தியார், கீரிமலையில் என் தம்பி

மெல்பேர்ன் போகிற சிலர் வெரிபீக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். எழுபதுகளின் நடுவில், ஒரு மே மாதம், நான் அங்கே போனேன். எனக்கு எழுத்து வாசிப்பு கிடையாது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் என் தம்பி செல்வத்தின் வகுப்பைக் கீரிமலைக் கடலுக்குக் கூட்டிப்போனார். தம்பி பிணமாகத்தான் வந்தான். கடைசியாக அவனோடு நின்றவர், 'சேர்' என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த வாத்தியார் மட்டும். கொஞ்ச நாளில் அவுஸ்திரேலியா போய்விட்டார். பல வருடங்களுக்குப் பிறகு, பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மெல்லிய புத்தகம் எழுதினார். அவர் எழுதியது அது ஒன்றுதான். பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி, அவர் இருந்த வெரிபீ முதியோர் இல்லத்தின் விலாசத்தோடு வந்தது.

நான் கப்பலில் சமையற்காரன். மெல்பேர்னுக்குப் போகிறோம் என்றதும் அந்தப் பிரதியை வாங்கித் தந்து அம்மா சொன்னார்: "பிள்ளை கடைசியா என்ன சொன்னவன் எண்டு அந்த மனுசனிட்டக் கேட்டு வா."

கப்பலில் கூட்டாளி மாணிக்கம் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொன்னான். புத்தகத்தில் தம்பி சாகவில்லை. சேர் நீந்திப்போய் இழுத்து வருகிறார். அவன் கண் திறந்து, "சேர், பசிக்குது" என்கிறான்.

"வாசிக்கத் தெரியாத உனக்கு, புத்தகம் எழுதினவரிட்ட என்னடா அலுவல்?" என்று முதலில் பகிடி விட்ட மாணிக்கம், பிறகு இல்லத்தின் பெயரை எனக்குப் பாடமாக்கித் தந்தான்.

நகரத்திலிருந்து வெரிபீ முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அப்போது டீசல் ரயில். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. இருபக்கமும் வெறும் புல்வெளி. நிலையத்தில் டாக்சி பிடித்து முதியோர் இல்லத்தின் பெயரைச் சொன்னேன். "நான் வாசலிலேயே நிற்கிறேன். அங்கே ஒருவரும் கனநேரம் இருப்பதில்லை," என்றார் சாரதி.

சேர் கம்பளிக்குள் சுருண்டு கதிரையில் இருந்தார். தமிழ் மறக்கவில்லை.

"ஆர், செல்வத்தின்ர அண்ணனோ? இரு, இரு."

கேட்டேன். புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னார்.

"புத்தகத்தை விடுங்கோ, சேர். கடலில என்ன நடந்தது?"

"அதுதான் நடந்தது. நான்தானே இழுத்துக்கொண்டு வந்தனான்." என் கையைப் பிடித்தார். "செல்வம் சுகமா இருக்கிறானோ?"

"ஓம், சேர்."

டாக்சி நின்றுகொண்டுதான் இருந்தது.

ஊருக்கு வந்து, சேருக்கு நினைவு கெட்டுவிட்டது என்றேன்.

"அப்ப புத்தகத்தில இருக்கிறதையாவது சொல்லு," என்றார் அம்மா.

சொன்னேன். 'பசிக்குது' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்டைக்கு விடிய ஒண்டும் தின்னாமத்தான் போனவன். அது அந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?"

இப்போது ஓடுவது மின்சார ரயில். புல்வெளி எல்லாம் வீடுகள். இல்லத்தைத் தேட வேண்டாம், இடித்துவிட்டார்கள். புத்தகமும் கடைகளில் கிடைக்காது. மே மாதம் என்றால் தடித்த மேலாடை வேண்டும். எங்கே போவதானாலும், விடியச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.