உப்பு அமுக்கிய பட்டன்

போன மாசி மாதம் ஒரு மதியம். தோணிரேவிலிருந்து காட்டூர் பக்கம் தோள்பையோடு நடந்துகொண்டிருந்தேன். வயிறு நிறைய இறால் குழம்புச் சோறு. பையில் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு மாற்றுச் சட்டை. மீஞ்சூரில் நான் வேலை பார்த்த டி.வி. ரிப்பேர் கடையை மூடியதிலிருந்து இப்படித்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். படுக்க இடம் கிடைத்த ஊரில் வேலை, வேலை தீர்ந்தால் அடுத்த ஊர். அனுப்பம்பட்டு போய் ரயிலேறி, எங்காவது இறங்குவதாக உத்தேசம்.

எனக்குச் சோறு போட்டது, சற்றுமுன் நான் டி.வி. ரிப்பேருக்குப் போன வீடு. அந்த வீட்டுக்காரர் உப்புத்தண்ணீர் ஏரியில் மீன்பிடிப்பவர். படகைக் கரைக்கு இழுக்கும்போது கால் முறிந்து, இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். மனைவி விடிந்ததும் இறால் விற்கப் போய்விடுவார்; அன்று மட்டும் ரிப்பேருக்காக வீட்டில் இருந்தார். பகலெல்லாம் அவருக்குத் துணை அந்த டி.வி.தான். ஒரு வாரமாக அது தானாக அணைந்தது, தானாக ஓடியது. சத்தம் தானாக ஏறித் தெருவையே கூட்டியது.

பின்மூடியைக் கழற்றி மின்சாரத்தை அளந்தேன். சரியாக இருந்தது. மெயின் போர்டின் ஓரத்தில் உப்பு பூத்து வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன்.

"போர்டு போயிடுச்சுமா. இந்த மாடலுக்கு இப்ப போர்டே கெடைக்காது."

அடுத்த மெக்கானிக் வீணாக மெனக்கெடக் கூடாதென்று பின்மூடியில் மார்க்கரால் 'போர்டு போச்சு' என்று எழுதினேன். போகிற இடமெல்லாம் அப்படி எழுதுவது என் வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சரி வுடுண்ணா. இன்னிக்கு காயலாங்கடை வண்டி வரும், போட்டுர்றேன். பதிலுக்கு ரெண்டு பிளாஸ்டிக் கொடமாச்சும் குடுப்பான். நீ குந்து, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றார் அந்தம்மா. கட்டிலில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுத் தெருமுனைக்கு வந்தபோது மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று எதிரே வந்தது. 'பழைய டி.வி., பழைய பேட்டரி, பழைய இரும்பு' என்று அதிலிருந்த ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. ஒதுங்கி வழிவிட்டேன்.

அரை மணி நேரம் நடந்தபின் சாலையோர வீடு ஒன்றில் தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் உள்ளே போனார். நான் வாசலை விட்டுத் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். திடீரென்று அந்த வீட்டுக் காலிங்பெல் அடித்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மறுபடி அடித்தது.

சொம்போடு வந்தவர் என் முழியைப் பார்த்துச் சிரித்தார். "யாரும் அமுக்கலண்ணா. உப்புக்காத்துல சுச்சு உள்ள பச்ச புட்ச்சிகீது, தானா அடிக்கும். ஊர்லயே எங்க ஊட்டுக்குத்தான் இவ்ளோ விருந்தாளி!"

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். டி.வி.யின் கீழ் ஓரத்திலும் பட்டன்களுக்கென்று ஒரு சின்ன போர்டு உண்டு. அதில் உப்பு இறங்கினால், யாரோ பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாததல்ல. குழம்பு வாசனை வந்தது, நான் பார்க்கவில்லை.

நேராக ரயிலுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வீட்டுச் சோறு இன்னும் வயிற்றில் இருந்தது. திரும்பி ஓடினேன்.

வண்டி இன்னும் அந்தத் தெருவில்தான் நின்றது. மேலே, கயிறு கட்டி, அந்த டி.வி.

"இன்னா மெக்கானிக்கு, மறந்துட்டுப் போன ஸ்க்ரூவத் தேடினு வந்தியா?" என்றார் காயலாங்கடைக்காரர்.

"அந்த டி.வி.ய எறக்குங்க. நான் சொன்னது தப்பு."

அவர் பின்மூடியைத் தட்டிக் காட்டினார். "யார் எழுத்துபா இது? பொணம்னு சீட்டு எழுதிக் குட்த்துட்டு, இப்ப மூச்சு வருதுன்றியா?"

தெருவே சிரித்தது. "நல்ல டாக்டருடா!" என்றது ஒரு குரல். அந்தம்மா டி.வி.க்குக் கிடைத்த குடத்தோடு வெளியே வந்தார். "ஐயோ, ஒண்ணுல தண்ணி புட்ச்சிட்டனே!"

"ஓடினா எட்த்துக்கோ. ஓடலன்னா வாயத் தொறக்கக் கூடாது" என்று காயலாங்கடைக்காரர் கயிற்றை அவிழ்த்தார்.

வீட்டுக்குள் வைத்துத் திறந்தேன். பட்டன் போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பிடுங்கினேன். பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. இனி பட்டன் வேலை செய்யாது, ரிமோட்டில்தான் போட வேண்டும்.

"ரிமோட்டு எங்கமா?"

அந்தம்மா காயலாங்கடைக்காரரைப் பார்த்தார். "என்கிட்ட குடுக்கலபா" என்றார் அவர்.

கட்டிலில் இருந்தவர் மெதுவாகத் தலையணைக்கு அடியில் கைவிட்டார். "பொட்டிதான் போது, இத்தையாச்சும் வெச்சிக்கலாம்னு…" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு அவரே அமுக்கினார்.

படம் வந்தது. பத்து நிமிடம் எல்லோரும் நின்று பார்த்தோம். அணையவில்லை, சத்தம் ஏறவில்லை. காய்ந்த குடத்தை மட்டும் எடுத்துக்கொண்ட காயலாங்கடைக்காரர், மற்றதைக் காட்டி, "தண்ணி புட்ச்ச கொடத்த எவன் வாங்குவான், நீயே வெச்சிக்கமா" என்றார். என்னிடம் திரும்பி, "காட்டூர் கிட்ட என் கடைல இந்த மாரி முப்பது பொட்டி கீது. எது பொணம், எது தூங்குதுனு பாத்துச் சொல்றியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். அடுக்கில் மூன்றாவதாக இருந்த பெட்டியைத் திருப்பினால், பின்மூடியில் என் கையெழுத்தில் 'போர்டு போச்சு'. எந்த ஊர், யார் வீடு என்று நினைவில்லை. மார்க்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எங்கோ யாரோ ஒருவர் இதன் ரிமோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பார் என்ற நினைப்பு, இன்றைக்கும் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் எனக்கு வருகிறது.